மலைப்பாதையில் ஒரு முட்டுக்கட்டை

மணாலியிலிருந்து லே வரை லாரியில் போனபோது, அன்றாடம் பழித்து எழுதும் ஒரு சொல்லுக்கு வேறு பொருள் கிடைத்தது.

லாரி முழுவதுமாக நிற்பதற்குள் பையன் குதித்துவிட்டான். இடது பக்கக் கதவு படாரென்று திறந்ததைத்தான் பார்த்தேன். அடுத்த நொடி அவன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தான். ரப்பரில் மரம் மோதும் சத்தம் கேட்டது. பிறகு லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. “லக் கயா, உஸ்தாத்!” என்றது கீழேயிருந்து குரல். வைத்தாகிவிட்டது என்று பொருள். அதைக் கேட்ட பிறகுதான் ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் தலைநகரான லே வரை செல்லும் நெடுஞ்சாலையில் மூன்று நாட்களில் இந்தச் சத்தத்தை ஐம்பது முறையாவது கேட்டிருப்பேன். தேநீர்க் கடை வாசலில், சோதனைச் சாவடியில், எதிரே வரும் ராணுவ வண்டிகளுக்கு ஒதுங்கி நின்ற இடங்களில், ஓட்டுநர் சிறுநீர் கழிக்க இறங்கிய இரண்டு நிமிடத்தில்கூட. லாரி நின்றால் கட்டை விழ வேண்டும். அதில் விதிவிலக்கு கிடையாது.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. தில்லியில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிற செய்திகளைத் தமிழாக்குவது இருபது ஆண்டுகளாக என் வேலை. அந்த வேலையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது கைகொடுக்கும் சொல் ‘முட்டுக்கட்டை’. மசோதாவுக்கு எதிர்க்கட்சிகள் முட்டுக்கட்டை. நதிநீர்ப் பேச்சுக்கு அண்டை மாநிலம் முட்டுக்கட்டை. தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி முட்டுக்கட்டை. யாராவது எதையாவது நகரவிடாமல் செய்தால் யோசிக்காமல் எழுதிவிடலாம். இந்திக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. ‘ரோடா அட்கானா’ என்பார்கள். ரோடா என்றால் உடைந்த கல் அல்லது செங்கல் துண்டு. அதை வழியில் செருகுவதுதான் இடைஞ்சல். ஆப்புக்கும் தமிழில் இதே கதிதான். ‘ஆப்பு வைத்துவிட்டான்’ என்றால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இத்தனைக்கும் எனக்கு இந்தச் சொல் முதலில் அறிமுகமானது பத்திரிகையில் அல்ல. திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்தவன் நான். ஆழித்தேர் ஓடும் நாளில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கூட்டம் அவர்களைத்தான் பார்க்கும். ஆனால் சக்கரத்தை ஒட்டி, கையில் முட்டுக்கட்டையுடன் ஒரு சிலர் ஓடிக்கொண்டிருப்பார்கள். தேரை நிறுத்துவதும் வீதி முனையில் திருப்புவதும் அவர்கள் பொறுப்பு. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் அவர்களுக்கு வேலை போய்விடவில்லை. ‘அவர்கள் பக்கம் போகாதே’ என்று அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பிறகு தமிழ் எம்.ஏ. படித்தேன், தில்லிக்கு வந்தேன், முட்டுக்கட்டையை வசவாக எழுதப் பழகிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஒரு காலை, மணாலியில் சிமென்ட் ஏற்றிய ஆறு சக்கர லாரி ஒன்றில் இடம் கிடைத்தது. ஓட்டுநர் பஞ்சாபின் முக்கேரியான் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்கும் சீக்கியர். இந்தச் சாலையில் முப்பது வருடத்துக்கும் மேல் ஓட்டியவர். கிளீனர் பையனுக்குப் பத்தொன்பது வயது, மண்டி மாவட்டத்து மலைக் கிராமம். உலகம் அவனைக் கூப்பிடுவது ‘சோட்டூ’ என்று. வேறு பெயர் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான். யாரும் இதுவரை கேட்டதில்லை என்பதுபோல் சிரித்தான்.

கட்டையை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தது மணாலியைத் தாண்டி, அடல் சுரங்கப்பாதைக்கு முன்னால். முக்கோணமாக அறுத்த மரத்துண்டு. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. டயர் படும் சரிவில் கறுப்புத் தடம். பக்கவாட்டில் துளை போட்டுக் கயிறு கோத்திருந்தது. ஷீஷம் மரம். பஞ்சாபில் ‘டாலி’ என்கிறார்கள். கட்டில் செய்கிற மரம். இதே வடிவத்தில் ரப்பரிலும் கட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. பெரியவருக்கு மரத்தின் மேல்தான் நம்பிக்கை. இந்தக் கட்டைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘குட்கா’. நான் விழித்ததைப் பார்த்துப் பையன் கையை வாய்க்குக் கொண்டுபோய் மெல்லுவதுபோல் காட்டி, “அது இல்லை, பாபுஜி” என்றான்.

2020 அக்டோபர் 3-ம் தேதி திறக்கப்பட்ட சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்பு 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயை ஏறி இறங்கித்தான் லாகூல் பள்ளத்தாக்கை அடைய முடியும். சேறும் பனியுமாக, சில நாட்கள் அந்த ஒரு கணவாயிலேயே பகல் முழுவதும் போய்விடும். இப்போது சுமார் 46 கிலோமீட்டர் மிச்சம். பெரியவர் அந்தச் சுரங்கத்தைக் கட்டியவர்களை வாழ்த்திக்கொண்டே ஓட்டினார். ஆனால் சுரங்கம் விழுங்கியது ஒரு கணவாயைத்தான். பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுலுங் லா, டாங்லாங் லா ஆகிய நான்கும் அதே உயரத்தில் காத்திருக்கின்றன. கடைசியாக வரும் டாங்லாங் லா 5,300 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. மனிதனுக்கு மட்டுமல்ல, டீசல் எஞ்சினுக்கும் அங்கே மூச்சு முட்டுகிறது.

டாண்டியில் சந்திராவும் பாகாவும் கலந்து சந்திரபாகா ஆகின்றன. பின்னால் செனாப் என்று பெயர் மாறப்போகும் நதி. அங்கிருந்து பாகா நதியை ஒட்டியே ஏற்றம். கேலாங்குக்கு அப்பால் ஒரு டாபாவில் ரொட்டியும் ராஜ்மாவும் சாப்பிடும்போதுதான் நான் அந்த அசட்டுக் கேள்வியைக் கேட்டேன். ஹேண்ட் பிரேக் இருக்கும்போது எதற்கு இந்தக் கட்டை?

பெரியவர் சிரிக்கவில்லை. கடை வாசலைக் காட்டினார். “இந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?” சமதளம் மாதிரி என்றேன். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் லாரியின் பக்கமாக ஓடி, அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கை நோக்கிப் போயிற்று.

பிறகு நானே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது அடிக்கு ஒரு அடி ஏறுகிற சாலை கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தட்டையாகத்தான் தெரியும். சரக்கோடு 16 டன் எடையுள்ள லாரியை அந்தச் சரிவு 800 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கீழே இழுக்கிறது. பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி என்றால் 1,300 கிலோவுக்கும் மேல். இந்த இழுப்புக்கு இரவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஓட்டுநர் தூங்கும்போதும் அது விழித்திருக்கிறது.

பார வண்டிகளின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. வண்டியை நிறுத்தி வைக்கும் பிரேக்கில் கனமான ஸ்பிரிங் இருக்கிறது. காற்றை வெளியேற்றினால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பிடிப்பது பெரும்பாலும் பின்சக்கரங்களை. அவை சரளையிலோ பனிப்படலத்திலோ நின்றால், பூட்டிய சக்கரமும் வழுக்கும். இன்னொரு தொல்லை குளிர். வழியில் ஓடைகளைக் கடக்கும்போது பிரேக் நனைகிறது. இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போனால், பிடித்த பிரேக்கின் லைனிங் டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். காலையில் எஞ்சின் உறுமும், சக்கரம் சுழலாது. அதனால் இந்தச் சாலையின் பழைய ஓட்டுநர்கள் கடும் குளிரில் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், கியரையும் கட்டையையும் நம்பித் தூங்குகிறார்கள்.

சட்டமும் இதை ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, உரிமம் உள்ள ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாமல் வண்டியைப் பொது இடத்தில் விட்டுவைப்பதென்றால், எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். அல்லது வண்டி தானாக நகர்ந்துவிடாதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த வேறு ஏற்பாடு என்னவென்று சட்டம் சொல்லவில்லை. பையன் கையில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

“சமதளம் என்று சொல்கிறவன் எங்கள் ஊருக்கு வரட்டும்” என்று பெரியவர் ஒரு கதையை ஆரம்பித்தார். கதை அல்ல, நாடே படித்த செய்தி. நானே மொழிபெயர்த்த செய்தி. 2024 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை. ஜம்மு பகுதியின் கட்டுவா ரயில் நிலையத்தில் ஜல்லி ஏற்றிய 53 பெட்டிகளோடு ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கிப் போயிருந்தார். சரிவில் ரயில் மெல்ல நகர ஆரம்பித்தது. யாரும் இல்லாத எஞ்சின் பட்டான்கோட்டைத் தாண்டி, நிலையம் நிலையமாகக் கடந்து, 70 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. வழியெங்கும் லெவல் கிராசிங் கதவுகளை மூடினார்கள். கடைசியில் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் ஊஞ்சி பஸ்ஸி அருகே தண்டவாளத்தில் மரக்கட்டைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டு நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை. விசாரணை, தற்காலிகப் பணிநீக்கம் எல்லாம் நடந்தது.

“எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று” என்றார் பெரியவர். “நிறுத்தும் இடத்தில் சரியாகக் கட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஓட ஆரம்பித்த பிறகு ஒரு மாவட்டமே ஓட வேண்டியிருக்கிறது.” கரும்பு சீசனில் சர்க்கரை ஆலைக்கு வெளியே காத்து நிற்கும் டிராக்டர் டிராலிகளைப் பற்றியும் சொன்னார். பல டிராலிகளுக்குச் சொந்தமாக பிரேக் கிடையாது. டிராக்டரைக் கழற்றிவிட்டால் அதைப் பிடித்து வைப்பது கீழே செருகிய இரண்டு செங்கல்தான்.

அதை தார்ச்சாவில் கண்ணால் பார்த்தேன். சாலை வேலைக்கு புல்டோசர் கொண்டுவந்த நீண்ட டிரெய்லர் ஒன்றை அங்கே கழற்றி நிறுத்தியிருந்தார்கள். இழுத்து வந்த வண்டி வேறு வேலைக்குப் போய்விட்டது. தலை இல்லாத உடம்பு மாதிரி முன்பக்கம் இரண்டு இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டு அது நின்றது. எஞ்சின் இருந்தால் கியரிலாவது போடலாம். இதற்கு அதுவும் இல்லை. பழைய டிரெய்லர்களில் காற்றுத் தொட்டி கசிந்து காலியானால் பிரேக்கின் பிடியும் தளர்ந்துவிடும் என்றார் பெரியவர். நான்கு சக்கரங்களுக்கு அடியில் நான்கு கட்டைகள். அவரும் பையனும், தங்களுடையதல்லாத அந்த வண்டியைச் சுற்றி வந்து, நான்கையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கட்டை போடுவதன் சட்டதிட்டங்களை பெரியவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒன்று, ஸ்டியரிங்கை மலைப்பக்கமாகத் திருப்பி நிறுத்து. தப்பித்தவறி உருண்டாலும் மலையில் முட்டட்டும், பள்ளத்தில் விழ வேண்டாம். இரண்டு, ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். மூன்று, கட்டை சரிவின் கீழ்ப்பக்கம். டயரின் நடுவில், நேராக, இடைவெளியே இல்லாமல். நான்கு விரல் இடைவெளி விட்டால் அந்த நான்கு விரலில் லாரிக்கு வேகம் வந்துவிடும், கட்டையின் மேல் ஏறிவிடும். நான்கு, கட்டை இருக்கும்போது கல்லைத் தேடாதே. கட்டைக்குத் தட்டையான அடி இருக்கிறது. சக்கரம் அழுத்த அழுத்த அது தரையைப் பிடிக்கும். கல் உருளும், நழுவும், உடையும். பனியில் கட்டையும் வழுக்கும். அங்கே முதலில் மண்ணைப் போடு. ஐந்து, கையைச் சக்கரத்துக்கு அடியில் கொண்டுபோகாதே. சக்கரம் நின்ற பிறகு, பக்கத்திலிருந்து தள்ளு.

ஐந்துக்கு அவர் தொட்ட விரல் பாதிதான் இருந்தது. அதற்குப் பக்கத்து விரலும் அப்படியே. பதினெட்டு வயதில், கிளீனராக, ரோத்தங் ஏற்றத்தில். கட்டை எங்கோ விழுந்துவிட்டது, கல்லை வைத்தான், கல் திரும்பியது. அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் கேட்கவும் எனக்குத் துணிவில்லை. ஆனால் கட்டையில் ஏன் கயிறு கோத்திருக்கிறது என்பது புரிந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் கை உள்ளே போக வேண்டியதில்லை.

ஜிங்ஜிங்பாரைத் தாண்டி, பாரலாச்சா லாவுக்கு ஏறும் வழியில் ஒரு பனியாற்று ஓடை சாலையின் குறுக்கே பாய்கிறது. இந்த ஓடைகளுக்கு ஒரு குணம் உண்டு. காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏறி மேலே பனி உருக உருக, பிற்பகலில் முழங்காலைத் தாண்டிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தது பிற்பகல். முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள், ஏற்றத்தில் வரிசையாக. எங்களுக்கு முன்னால் சுற்றுலாப் பயணிகளின் ஜீப். அதற்கு முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய ஒரு லாரி. அதில் ஓட்டுநர் மட்டும்தான், கிளீனர் இல்லை. பல முதலாளிகள் இப்போது கிளீனர் வைப்பதில்லை. ஒரு ஆள் சம்பளமும் சாப்பாடும் மிச்சம்.

வரிசை நகர்ந்தது. கம்பி லாரி கிளம்ப முயன்றது. ஏற்றத்தில் கிளம்புவது எப்படி என்று ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைப்பதற்குள் வண்டி பின்னால் நழுவப் பார்க்கும். அந்த ஒரு நொடியைத் தாங்குவதற்கும்தான் கட்டை. அந்த லாரிக்குக் கட்டை போட ஆள் இல்லை. காற்றில்லாத உயரத்தில் எஞ்சின் இருமி, நின்றது. லாரி பின்னால் வர ஆரம்பித்தது. வேகமாக அல்ல. நடக்கிற வேகத்தில். ஜீப் ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். அவருக்குப் பின்னால் நாங்கள், நகர இடமில்லை.

பையன் எங்கள் லாரியின் இன்னொரு கட்டையை எடுத்துக்கொண்டு ஓடியதை நான் பார்க்கவில்லை. பெரியவர் கதவைத் திறந்து கத்தியதைத்தான் கேட்டேன். நான் தலையை நீட்டியபோது பையன் கம்பி லாரியின் பக்கத்தில், கயிற்றைப் பிடித்தபடி, கட்டையைச் சக்கரத்தின் பாதையில் தள்ளிக்கொண்டிருந்தான். சக்கரம் கட்டையில் மோதியது. கட்டை சரளையைச் சீய்த்துக்கொண்டு ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. பிறகு நின்றது. லாரியும் நின்றது. அதன் பின்பக்கத்துக்கும் ஜீப்பின் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு முழம்.

அடுத்து நடந்ததுதான் நான் எதிர்பாராதது. கம்பி லாரி ஓட்டுநர் எஞ்சினை மறுபடி கிளப்பினார். இந்த முறை அவர் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பின்சக்கரம் கட்டையில் சாய்ந்திருந்தது. நிதானமாக கிளட்சை விட்டார். லாரி கட்டையை உதைத்துக்கொண்டு புறப்பட்டு, ஓடையைக் கடந்து, மேலே ஏறிப் போயிற்று. ஏற்றத்தில் நிற்க முடியாது என்பதால் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அதுதான் நன்றி. பையன் கட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

பெரியவர் அவனைத் திட்டிய திட்டு எழுதக்கூடியதல்ல. தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது. அச்சில் போட முடியாது. “ஓடுகிற வண்டிக்குக் கட்டை போடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! லாரி போனால் போகட்டும். லாரியை ஃபேக்டரியில் செய்கிறார்கள்.” பாதி விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, “ஜீப்பில் குழந்தை இருந்தது, உஸ்தாத்” என்றான். பெரியவர் பேசவில்லை. கணவாய் உச்சிவரை பேசவில்லை. சூரஜ் தால் ஏரி பச்சையாகக் கீழே தெரிந்தபோது வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். பையன் குதித்தான், கட்டை விழுந்தது, இரண்டு தட்டு. பெரியவர் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய முதல் டம்ளர் தேநீரை அவனிடம் நீட்டினார்.

அன்றிரவு சர்ச்சுவில் கூடாரம். சுமார் 4,300 மீட்டர். உயரத்தின் தலைவலியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே வந்தபோது நிலா வெளிச்சத்தில் முப்பது லாரிகளாவது நின்றன. ஒவ்வொன்றின் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு கறுப்பு முக்கோணம். புறநானூற்றில் உப்பு வணிகர்கள் மேடுபள்ளம் நிறைந்த வழியை எண்ணி வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவது பற்றி ஔவையார் பாடியிருக்கிறார். அந்தப் பாட்டை நடத்திய பேராசிரியர் அதை உவமையாகத்தான் விளக்கினார். பாரம் ஏற்றி மலைவழி போகிறவர்களின் அன்றாட பயம் அது என்று எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கட்டா லூப்ஸ். சாலை 21 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து மலைமேல் ஏறுகிறது. வளைவு ஒன்றின் ஓரத்தில் கற்களை அடுக்கிய சின்ன மாடம். சுற்றிலும் குவியல் குவியலாகத் தண்ணீர் பாட்டில்கள். நடுவே சில சிகரெட்டுகள். இந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. பருவத்தின் கடைசியில், பனிக்கு முன்னால், ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றதாம். ஓட்டுநர் உதவி தேடிக் கீழே நடந்து போனார். வண்டிக்கும் சரக்குக்கும் காவலாகக் கிளீனரை விட்டுப் போனார். பனி கொட்டியது, பாதை அடைபட்டது. அவர் திரும்பி வந்தபோது கிளீனர் உயிரோடு இல்லை. அதன் பிறகு இந்த வளைவில் ஒருவன் தண்ணீர் கேட்டு நிற்கிறான் என்று வழிப்போக்கர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். கதை உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பேய்க்கதையாகச் சொல்லப்படுவது இது. லாரி நின்று, பையன் குதித்து, கட்டையைத் தள்ளி, இரண்டு தட்டுத் தட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. நின்றுவிட்ட வண்டிக்கு முட்டாக ஒரு ஆளையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அந்த ஆளின் பெயரும் கதையில் இல்லை. பையன் தன் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மாடத்தில் வைத்தான்.

அதற்கு மேலே இரண்டு வளைவு தாண்டியதும் பெரியவர் மறுபடி வண்டியை நிறுத்தினார். சாலையின் நடுவில் மூன்று கற்கள், ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. யாரோ டயர் மாற்றியிருக்கிறார்கள். சக்கரத்துக்கு முட்டாகக் கல் வைத்து, வேலை முடிந்ததும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இந்தியச் சாலைகளில் ஓட்டுகிற யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பகலில் கண்ணுக்குத் தெரியும். இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு அது எமன். பையன் மூன்றையும் காலால் ஓரத்துக்கு உருட்டினான். “ஆறாவது விதியைச் சொல்ல மறந்துவிட்டேன்” என்றார் பெரியவர். “வைத்தவன் எடுக்க வேண்டும். எடுக்காதவன் வைக்கவே கூடாது.”

நாம் பத்திரிகையில் எழுதுகிற முட்டுக்கட்டை எது என்று எனக்கு அங்கேதான் புலப்பட்டது. அது சக்கரத்தோடு வந்து, சக்கரத்தைத் தாங்கி, சக்கரத்தோடு கிளம்பிப் போகும் கட்டை அல்ல. யாரோ தன் வேலை முடிந்ததும் நடுவழியில் போட்டுவிட்டுப் போன கல். அந்தக் கல்லின் பழியைக் கட்டையின் தலையில் சுமத்திவிட்டோம். ஏற்றத்தில் நிற்க ஒரு முட்டு இல்லாதவன் மேலே ஏறவும் முடியாது என்பதை, சமதளத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவனுக்கு யார் சொல்வது?

பாங், மோரே சமவெளி, டாங்லாங் லா, உப்ஷியில் சிந்து நதி. மூன்றாம் நாள் மாலை லேயில் இறங்கினேன். பெரியவரிடம் விடைபெற்றேன். பையனிடம் அவன் பெயரைச் சொல்லி விடைபெற்றேன்; வழியில் கேட்டு வைத்திருந்தேன். சரக்கு இறக்குமிடத்தில் லாரி பின்னால் வந்து நின்றதும் அவன் என்னை மறந்துவிட்டு ஓடினான். இரண்டு தட்டு கேட்டது.

தில்லிக்கு விமானத்தில் திரும்பினேன். லே விமான நிலையத்தில் ஜன்னல் வழியே பார்த்தபோது, பக்கத்தில் நின்ற விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மஞ்சள் நிறக் கட்டைகள். பெரியவரின் குட்காவுக்குத் தம்பி. ஒரு ஊழியர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு விலகி நின்று, விமானிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதன் பிறகுதான் விமானம் அசைந்தது. விமானப் போக்குவரத்தில் பயண நேரத்தையே ‘பிளாக் டைம்’ என்கிறார்கள். கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் முதல் செய்தி நாடாளுமன்றத்தைப் பற்றியது. பழக்க தோஷத்தில் விரல்கள் அந்தச் சொல்லை அடித்துவிட்டன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழித்து ‘இடையூறு’ என்று மாற்றினேன். எப்படியும் அடுத்த வாரம் அவசரத்தில் பழைய சொல்லையே எழுதிவிடுவேன். இருபது வருடப் பழக்கம். எழுதும்போது சர்ச்சுவில் நிலவொளியில் நின்ற லாரிகளும், பாதி விரலைத் தொட்டுக் காட்டிய பெரியவரும் ஞாபகம் வந்தால், அன்றைக்காவது கை கொஞ்சம் தயங்கும்.